முடி உதிர்ந்த ஆடுகள்

நம்ம கூட்டமைப்பு மலரில் கடலைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். ஜெகதாப்பட்டினம் என்றாலே வெளியூர்க்காரங்களுக்கு விசைப்படகும் மீனும்தான் ஞாபகம் வரும். கரையை விட்டுக் கொஞ்சம் உள்ளே நடந்தால் சீமைக்கருவேலங்காடும் அதில் மேயும் ஆடுகளும்தான். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் பல வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த ஆடுகளால். அதனால் நான் ஆட்டைப் பற்றியே எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. நம்ம மாவட்டத்தில் விழுந்த தென்னையைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். செத்த ஆட்டுக்குக் கணக்கு எழுதினார்கள். பிழைத்த ஆட்டை யார் பார்த்தார்கள்? விடிய விடிய நனைந்து, ரெண்டு மூணு நாள் தழையில்லாமல் நின்றவை அவை. பொங்கல் கழிந்த பிறகு அந்தச் செம்மறிகளுக்கு முதுகிலும் விலாவிலும் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. வியாபாரி வந்து, "சொறி பிடிச்ச ஆட்டை யாரு வாங்குவா?" என்றார். குழுக்கடனில் ஆடு வாங்கிய ஒரு அக்கா, தவணைத் தேதி நெருங்கியதால் மூன்று ஆட்டைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டார். விற்காமல் வைத்திருந்தவர்களின் ஆட்டுக்குச் சித்திரையில் புதுமுடி வந்துவிட்டது. அந்த அக்கா இன்றைக்கும் அதைச் சொல்லிப் புலம்புவார்.

காய்ச்சல், பட்டினி, பெரிய பயம் எது வந்தாலும் உடம்பு தன்னிடம் இருக்கிற சத்தை உயிரைக் காக்கத் திருப்பிவிடும். முடிக்கு ஊட்டம் குறையும். அந்த நாட்களில் வளர்கிற இழை மெலிந்துவிடும், இல்லையென்றால் வளர்ச்சியே நின்றுவிடும். பல வாரம் கழித்துத்தான் அது கழன்று விழும். அதற்குள் புயலையும் காய்ச்சலையும் நாம் மறந்திருப்போம். பிள்ளை பெற்ற மூணாம் மாசம் நமக்கு முடி கொட்டுதே, டெங்கு வந்து எழுந்தவங்களுக்குச் சீப்பு நிறைய வருதே, அதே கணக்குதான். சொறி என்றால் ஆடு சுவரிலும் மரத்திலும் உரசும், தோல் பொருக்குத் தட்டும், பக்கத்து ஆட்டுக்கும் பரவும். இதில் தோல் சுத்தமாக இருக்கும், அரிப்பு இருக்காது. சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் காட்டிவிட்டு அப்புறம் விலை பேசலாம்.

நம்ம பக்கத்து ராமநாதபுரம் வெள்ளைக்குக் கம்பளி கிடையாது, வெறும் முடிதான். அதனால் உதிர்ந்தாலும் கறி விலைக்குத்தான் அடி. திருச்சி கருப்பு, நீலகிரி ஆடு வளர்க்கிறவர்களுக்கு ரோமமே காசு. நீலகிரி ஆடு 19-ஆம் நூற்றாண்டில் மெரினோ போன்ற வெளிநாட்டுக் கிடாக்களோடு கோயம்புத்தூர் ஆட்டைச் சேர்த்து உருவானது. அதற்குக் காய்ச்சல் வந்தால் அந்த வருஷ ரோமம் நூற்கும்போது அறுந்து அறுந்து போகும்.

அப்படிக் காய்ச்சல் கொடுத்த நோய்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆட்டுக்கொல்லி நோய் 1942-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் கண்டறியப்பட்டது. இந்தியாவில் முதலில் தெரிந்தது 1987-ல், நம்ம தமிழ்நாட்டில், விழுப்புரம் பக்கம் அரசூர் என்ற கிராமத்தில். அங்கே எடுத்த கிருமியிலிருந்தே நம்ம கால்நடைப் பல்கலைக்கழகம் தடுப்பூசி செய்தது. அதன் பெயரிலும் அரசூர் இருக்கிறது. ஆடு செத்த ஊரின் பெயர் ஆட்டைக் காக்கும் மருந்துக்கு வந்தது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. நீலநாக்கு நோய் வேறு. கொசுவை விடச் சின்ன ஒரு கடி ஈ அதைப் பரப்பும். சாணியும் சகதியும் சேர்ந்த இடத்தில் அந்த ஈ பெருகும், அதனால் வடகிழக்கு மழையில்தான் நோய் அதிகம். 1997-98-ல் தமிழ்நாட்டில் ஏராளமான செம்மறிகள் அதில் மாண்டன. வாய் வீங்கி, நொண்டி நொண்டிப் பிழைத்தவற்றுக்கு அப்புறம் முடி கழன்றது.

2011 செப்டம்பரில் விலையில்லா ஆடு திட்டம் வந்தது. பெண்கள் பெயரில் குடும்பத்துக்கு 4 ஆடு. அதில் தொடங்கிப் பட்டி போட்டவர்கள் நம்மில் உண்டு. இப்போது நம்ம குழுவில் ஆட்டுக்கடன் கேட்டு மனு வந்தால், கொட்டகைத் தரை காய்ந்திருக்கிறதா, ஆட்டுக்கொல்லிக்கு ஊசி போட்ட தேதி என்ன என்று இரண்டையும் கேட்டு நோட்டில் எழுதுகிறோம். மழைக்கு அடுத்த ரெண்டு மாசத்தில் யாராவது "முடி கொட்டுதுக்கா" என்று வந்தால், ஆட்டை விற்கச் சொல்வதில்லை. டாக்டரிடம் காட்டச் சொல்லி, தவணையை ஒரு மாசம் தள்ளிப் போடுகிறோம்.