பேரிடர் மீட்பு மென்பொருளில் எச்சரிக்கை அமைப்புகளின் வளர்ச்சி

1970களின் இறுதியில் கணினிப் பேரிடர் மீட்பு என்பது பெரும்பாலும் ஒரு மாற்று இடத்துக்கான ஏற்பாடாகவே இருந்தது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சன்கார்டு நிறுவனம் நடத்தியது போன்ற மாற்றுத் தளங்களுக்குக் காந்த நாடாக்களைக் கொண்டுபோய், அங்குள்ள கணினியில் வேலையைத் தொடர்ந்தனர். மையம் முடங்கியதை அறிவிக்க மென்பொருள் தேவைப்படவில்லை. அங்கே வேலை பார்த்தவர்களுக்கே அது தெரிந்துவிடும்.

இயந்திரமே தன் நிலையைச் சொல்லும் முறை 1980களில் வந்தது. பெர்க்லியில் எரிக் ஆல்மன் உருவாக்கிய சிஸ்லாக், செய்திகளைத் தீவிரத்தின்படி தரம் பிரித்தது. 1988இல் வரையறுக்கப்பட்ட எஸ்.என்.எம்.பி. நெறிமுறையில், கேட்காமலேயே கருவி அனுப்பும் ‘டிராப்’ செய்திக்கு இடம் இருந்தது. 1999இல் நெட்செயிண்ட் என்ற பெயரில் வெளிவந்து 2002இல் பெயர் மாறிய நாகியோஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள், ஒரு சோதனை பலமுறை தொடர்ந்து தோற்ற பிறகே ஆளை அழைக்கும்படி அமைக்க இடம் தந்தது. இவை எல்லாம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: சர்வர் இயங்குகிறதா?

தொலை நகலாக்கம் பரவியபோது அந்தக் கேள்வி போதாமல் போயிற்று. இ.எம்.சி. நிறுவனம் 1994இல் எஸ்.ஆர்.டி.எஃப். என்ற தொலை நகலாக்கத் தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்தது. இத்தகைய நகலாக்கம் ஒத்திசைவின்றி நடக்கும்போது, இரு தளங்களும் நலமாக இருந்தும், இடையிலுள்ள இணைப்பின் நெரிசலால் நகல் பின்தங்கலாம். எந்தச் சர்வரும் விழாததால் பழைய வகை எச்சரிக்கை எதுவும் எழாது. வி.எம்.வேர் நிறுவனம் 2008இல் வெளியிட்ட சைட் ரெக்கவரி மேனேஜர், தன் தளத்தின் வட்டு இடம், நினைவகம், செயலிச் சுமை ஆகியவற்றோடு எதிர்த் தளம் பதில் தருகிறதா என்பதையும் கவனித்தது. அதன் நிகழ்வுகளை அந்நிறுவனத்தின் மேலாண்மை மென்பொருளான வி.சென்டரின் அலாரங்களுடன் இணைத்து மின்னஞ்சல், டிராப், ஸ்கிரிப்ட் ஆகியவற்றை இயக்கலாம். 2011இல் சைட் ரெக்கவரி மேனேஜரின் 5.0 பதிப்புடன் வந்த வி.ஸ்பியர் ரெப்ளிகேஷனில், நகல் எவ்வளவு நேரம் பின்தங்கலாம் என்ற இலக்கை ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் குறிக்க முடிந்தது. இழந்தாலும் தாங்கக்கூடிய தரவின் அளவே எச்சரிக்கையின் வரம்பானது இந்த வரலாற்றின் முக்கியத் திருப்பம்.

வரம்பை மிகக் குறுக்கினால் எச்சரிக்கைகள் பெருகும். அந்த ஆபத்தைத் தொழிற்சாலைகள் முன்பே கண்டிருந்தன. 1994இல் வேல்ஸின் மில்ஃபோர்டு ஹேவன் எண்ணெய் சுத்திகரிப்பாலையில், வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடங்களில் இரண்டு இயக்குபவர்கள் 275 அலாரங்களைச் சந்தித்தனர். உண்மையில் கவனிக்க வேண்டியது அந்த வெள்ளத்தில் மூழ்கிப்போனது.

இதற்கு நேர்மாறான ஆபத்து மௌனம். 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமிக்கும் கிட்லேப் தளத்தில், நகலாக்கத்தைச் சரிசெய்யும் முயற்சியில் முதன்மைத் தரவுத்தளமே தவறுதலாக அழிக்கப்பட்டது. பேக்கப்பைத் தேடியபோது அது இல்லை: போஸ்ட்கிரெஸ் 9.6 தரவுத்தளத்துக்கு 9.2 பதிப்பின் கருவி ஓடியதால் பேக்கப் வேலை தோற்றுக்கொண்டிருந்தது. அந்தத் தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களோ டிமார்க் என்ற மின்னஞ்சல் அனுப்புநர் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டு யாரையும் சென்றடையவில்லை. வேறு காரணத்துக்காகச் சுமார் 6 மணி நேரம் முன்பு எடுத்த நிலைப்படம் ஒன்றுதான் மீட்புக்கு உதவியது. இடைப்பட்ட தரவு போயிற்று. நடந்ததை அந்நிறுவனம் விரிவாக வெளியிட்டது இத்துறைக்குக் கிடைத்த பெரும் நன்மை.

இத்தகைய மௌனத்துக்கு மாற்று, தோல்வியை மட்டுமல்லாமல் வெற்றிச் செய்தி வராமல் போவதையும் அபாயமாகக் கொள்வது. பேக்கப் முடிந்ததும் கண்காணிப்புச் சேவைக்கு ஒரு குறிப்பு போகும். உரிய நேரத்துக்குள் அது வராவிட்டால் அலாரம் எழும். புரொமிதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளின் அமைப்புகளில் ‘வாட்ச்டாக்’ என்ற எச்சரிக்கை எப்போதும் ஒலிக்கும்படி வைக்கப்படுகிறது. அது நின்றால், அறிவிக்கும் பாதையே அறுந்துவிட்டதென வெளியிலுள்ள வேறொரு சேவை தெரிவிக்கும்.