படகோட்டி வாதிட்ட பாலத்து வழக்கு

ஆறுகளே ஒரு நாட்டின் முதற் சாலைகள். வட அமெரிக்காவின் நடுநிலத்தில் இவ்வுண்மையைத் தெளிவாகக் காணலாம். மிசிசிப்பியும் அதன் கிளையாறுகளும் அந்நிலத்தின் விளைபொருள்களைத் தெற்கே நியூ ஆர்லியன்சுத் துறைமுகத்திற்குக் கொண்டு சேர்த்தன. அந்நீர்வழியில் படகு தள்ளிய இளைஞர் ஒருவர் பின்னாளில் வழக்கறிஞராகி, நாட்டின் தலைவராகவும் உயர்ந்தார். அவரே ஆபிரகாம் லிங்கன். அடிமைத் தளையை அறுத்தவர் என்றே பள்ளி நூல்கள் அவரை அறிமுகம் செய்கின்றன. ஆற்றோடும் சட்டத்தோடும் அவர் கொண்டிருந்த தொடர்பும் அறியத்தக்கதாகும்.

லிங்கன் 1809ஆம் ஆண்டில் பிறந்தவர். தாம் பள்ளியில் கற்ற காலத்தையெல்லாம் கூட்டினாலும் ஓராண்டு நிரம்பாது என்று அவரே எழுதியுள்ளார். அவருக்கு வாய்த்த மற்றொரு பள்ளி ஆறு. 1828ஆம் ஆண்டிலும் 1831ஆம் ஆண்டிலும் சரக்கேற்றிய தட்டைப் படகில் அவர் நியூ ஆர்லியன்சு சென்றார். இரண்டாம் பயணத்தில், சங்கமான் ஆற்றின் கரையிலிருந்த நியூ சேலம் என்னும் ஊரில், ஓர் ஆலையின் அணைமீது படகு சிக்கிக்கொண்டது. பின்புறத்தில் நீர் புகுந்தது. லிங்கன் பதறவில்லை. சரக்கில் ஒரு பகுதியை இறக்கச் செய்தார். அணைக்கு அப்பால் நீண்டிருந்த முன்புறத்தில் துளையிட்டு, உள்ளிருந்த நீரை வடித்தார். பின் துளையை அடைத்தார். படகு அணையைக் கடந்தது.

இந்நிகழ்ச்சி வீண்போகவில்லை. சட்ட நூல்களைத் தாமே கற்று, 1836ஆம் ஆண்டில் வழக்கறிஞராகும் உரிமை பெற்ற அவர், பின்னர்க் காங்கிரசு உறுப்பினரும் ஆனார். 1848ஆம் ஆண்டில் ஏரி வழியாக ஊர் திரும்புகையில், தரைதட்டிய கப்பல் ஒன்றை வெற்றுப் பீப்பாய்களைக் கொண்டு மிதக்கச் செய்ததைக் கண்டார். உடனே அவர் சிந்தனை வேலை செய்தது. இரப்பர்த் துணி போன்ற நீர் புகாத துணியால் துருத்தி போன்ற அறைகள் அமைத்து, அவற்றைக் கப்பலின் இருபுறமும் பொருத்தலாம். ஆழமற்ற இடத்தில் அவற்றை விரித்துக் காற்றை நிரப்பினால் கப்பல் உயர்ந்து மேட்டைக் கடக்கும் என்பது அவர் கண்ட வழி. 1849ஆம் ஆண்டு மே 22ஆம் நாள், 6469 என்னும் எண்ணுடன் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அக்கருவி பயன்பாட்டிற்கு வரவில்லை. எனினும், காப்புரிமை பெற்ற அமெரிக்கத் தலைவர் அவர் ஒருவரே.

இனி, வழக்கிற்கு வருவோம். மிசிசிப்பியின் குறுக்கே முதல் இரயில் பாலம் இல்லினாய் மாநிலத்தின் இராக் ஐலண்டிற்கும் அயோவா மாநிலத்தின் டாவன்போர்ட்டிற்கும் இடையே 1856ஆம் ஆண்டு ஏப்ரலில் திறக்கப்பட்டது. சில நாட்களில், மே 6ஆம் நாள், 'எஃபி ஆஃப்டன்' என்னும் நீராவிக் கப்பல் பாலத்தில் மோதித் தீப்பற்றி அழிந்தது. பாலத்தின் ஒரு பகுதியும் எரிந்தது. கப்பல் உரிமையாளர் இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தனர். ஆற்று வாணிகத்தால் வாழ்ந்த செயிண்ட் லூயிசு ஒருபுறம். இரயிலால் வளர்ந்த சிகாகோ மறுபுறம். பாலம் குற்றமெனத் தீர்ப்பாகியிருப்பின், ஆற்றைக் கடந்து மேற்கே செல்லும் இரயில் பாதைக்கே தடை வந்திருக்கும்.

1857ஆம் ஆண்டு செப்டம்பரில் சிகாகோவில் வழக்கு நடந்தது. பாலத்தாரின் வழக்கறிஞருள் ஒருவராக லிங்கன் வாதிட்டார். வெறும் சொல்வன்மையை அவர் நம்பவில்லை. நீரோட்டத்தின் வேகத்தையும் போக்கையும் கணக்கிட்டுக் காட்டினார். கப்பலின் வலப்புறச் சக்கரம் சரிவர இயங்காமையே மோதலுக்குக் காரணம் என்றார். ஓராண்டிற்கும் குறைந்த காலத்தில் 12,586 சரக்குப் பெட்டிகளும் 74,179 பயணிகளும் பாலத்தைக் கடந்ததை எடுத்துரைத்தார். குளிர்காலத்தில் ஆறு உறைந்து ஏறத்தாழ நான்கு திங்கள் கப்பல் ஓடாதிருந்ததையும், அக்காலத்திலும் பாலம் பயன்பட்டதையும் சுட்டினார். ஆற்றின் வழியே செல்ல ஒருவனுக்கு உரிமை உண்டெனின், அதைக் குறுக்கே கடக்க மற்றொருவனுக்கும் அதே அளவு உரிமை உண்டு என்பதே அவர் வாதத்தின் உயிர்நிலை.

நடுவர் குழுவினர் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை, பாலம் நிலைத்தது. 1862ஆம் ஆண்டில், பசிபிக் கடல்வரை இரயில் பாதை அமைக்கும் சட்டத்தில் நாட்டின் தலைவராகக் கையொப்பமிட்டவரும் லிங்கனே.

ஆற்றில் வளர்ந்தவர் ஆற்று வாணிகத்திற்கு எதிராக வாதிட்டது நன்றிகேடு எனச் சிலர் கருதலாம். இரயிலின் வளர்ச்சியால் நீராவிக் கப்பல் தொழில் நலிந்ததும் உண்மையே. ஆயினும், முன்னரே வழியைப் பயன்படுத்தியவர் என்பதால் ஒருவர் பின்வருவோர்க்கு அதை அடைத்துவிட முடியாது என்னும் நெறியை அவ்வாதம் வலியுறுத்தியது. ஆற்றின் ஓட்டத்தைப் படகில் நின்று கற்றவரே அதனை நீதிமன்றத்தில் விளங்க வைத்தார். கையால் கற்ற கல்வி ஏட்டுக் கல்விக்குத் துணையாகுமே அன்றி இழிவாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?