பட்டத்தின் பெயரும் பாடத்தின் உள்ளீடும்: அரிமளம் மாணவர் நோக்கில் பி.ஏ., பி.எஸ்சி.

1. சிக்கல்

புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் வட்டத்தைச் சேர்ந்த அரிமளத்தில் +2 முடிப்பவர் பலருக்கு அடுத்த படி புதுக்கோட்டை மன்னர் கல்லூரி போன்ற கலை அறிவியல் கல்லூரிகள். பி.எஸ்சி. என்றால் தொழில்நுட்பம், பி.ஏ. என்றால் அதற்குத் தொடர்பில்லாதது என்பது ஊர்க் கணிப்பு. அது எவ்வளவு சரி?

2. பெயர்

சி.வி. இராமன் 1904இல் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து வாங்கியது பி.ஏ. பட்டம். அதே கல்லூரியில் அதே பாடம் படித்த அவர் அண்ணன் மகன் எஸ். சந்திரசேகர் 1930இல் வாங்கியது பி.எஸ்சி. ஆனர்ஸ். கேம்பிரிட்ஜில் பொறியியல் மாணவருக்கும் பி.ஏ.தான். பொருளியலுக்கு இலண்டன் பொருளியல் பள்ளி பி.எஸ்சி. வழங்குகிறது, நம் கல்லூரிகள் பி.ஏ. வழங்குகின்றன. ஆக, பெயரை இடுவது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் மரபு.

3. உள்ளீடு

தமிழ்நாட்டில் இரண்டும் மூன்றாண்டுப் படிப்பு. பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம் இரண்டிலும் உண்டு. பகுதி 3இல் வரும் முதன்மைப் பாடமும் துணைப்பாடமும்தான் வழியைப் பிரிக்கின்றன. பி.எஸ்சி. கணினி அறிவியலில் வாராவாரம் ஆய்வகம், ரெக்கார்டு நோட்டு, பருவ இறுதியில் செய்முறைத் தேர்வு. பி.ஏ. பொருளியலில் புள்ளியியல் தாள் உண்டு. ஆய்வகப் பழக்கம் குறைவு.

4. மேற்படிப்பு வாயில்கள்

அ) பொறியியல் இரண்டாம் ஆண்டு நேரடிச் சேர்க்கை: பி.எஸ்சி. பட்டதாரிக்கு உண்டு, +2வில் கணிதம் படித்திருந்தால். பி.ஏ.வுக்கு இல்லை.

ஆ) எம்.சி.ஏ.: கணினிப் பட்டம் இல்லாத பி.ஏ., பி.காம். பட்டதாரியும் சேரலாம், +2விலோ பட்டப்படிப்பிலோ கணிதம் இருப்பது விரும்பத்தக்கது.

இ) டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1: எந்தப் பட்டமும் போதும்.

முதல் வாயிலில் பட்டத்தின் பெயர் பார்க்கப்படுகிறது. கணிதம் முதல் வாயிலில் கட்டாயம், இரண்டாவதில் விரும்பத்தக்கது.

5. முடிவு

பெயருக்கு ஒரு வாயிலில் மட்டுமே மதிப்பு, கணிதத்துக்கு இரண்டில். +2வில் வணிகவியலோடு கணினிப் பயன்பாடு எடுத்த மாணவர் பள்ளியிலேயே கணினியைத் தொட்டிருப்பார். கணிதத்தைப் பெரும்பாலும் தொட்டிருக்க மாட்டார். பின்னாளில் எம்.சி.ஏ. விண்ணப்பத்தில் அவருக்குப் பின்னடைவாகக்கூடியது இந்தக் கணிதக் குறைதான். ஆகவே பி.ஏ.வா பி.எஸ்சி.யா என்று குழம்புவதற்கு இரண்டாண்டு முன்பே, பதினோராம் வகுப்பில் குரூப் எடுக்கும்போது, கணிதம் வேண்டுமா என்று பெற்றோரும் ஆசிரியரும் மாணவரோடு உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.