மாட்டுக் கொம்பு பெயின்டும் அப்பாவோட புல்லட்டும்

பத்து வருஷமா தொழுவத்து மூலையில, தவிட்டு மூட்டைக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்த அப்பாவோட புல்லட்டைப் போன வாரம் வெளியே தள்ளிட்டு வந்தேன். 1978 மாடல். ஆர்.சி. புதுப்பிக்கணும்னா இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் கண்ணுக்குத் தெரியணும். எனக்கோ இன்ஜின் நம்பர் இருக்கிற இடமே தெரியலை. அவ்வளவு அழுக்கு, அதுக்கடியில அவ்வளவு பெயின்ட்.

இந்த வண்டியோட பூர்வீகம் இங்கிலாந்துல ரெட்டிச் என்ற ஊர். நம்ம ராணுவம் எல்லையில ஓட்ட புல்லட் 350 வாங்க ஆரம்பிச்ச பிறகு, 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸ் அந்தக் கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. முதல்ல பாகங்கள் கப்பல்ல வரும், இங்கே பூட்டுவாங்க. அப்புறம் திருவொற்றியூர் ஃபேக்டரியிலேயே எல்லாம் செய்ய ஆரம்பிச்சாச்சு. 1967ல ரெட்டிச் ஃபேக்டரியை மூடிட்டாங்க. 1970ல இங்கிலாந்துல அந்த வண்டி செய்யறதே நின்னு போச்சு. பிறந்த வீடு பூட்டிக் கிடக்க, புகுந்த வீட்டுல பொண்ணு நல்லாவே இருந்தா. 1977ல இங்கிருந்து இங்கிலாந்துக்கே வண்டி ஏற்றுமதி ஆச்சு. பொண்ணு பிறந்த வீட்டுக்குச் சீர் அனுப்பின கதைதான்!

சரி, வேலைக்கு வருவோம். டேங்க்கைக் கழட்டி வச்சேன். கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் ஓட்டையையும் பாலிதீன் கவர் போட்டு ரப்பர் பேண்டால கட்டினேன். மண்ணெண்ணெயும் பழைய பிரஷ்ஷும் எடுத்து உட்கார்ந்தா, பாதி நாள் போச்சு. சீக்கிரம் முடியட்டும்னு காஸ்டிக் சோடாவை சைடு கவர்ல ஒரு ஓரமா தடவிப் பார்த்தேன். பெரிய தப்பு. நுரைச்சுக்கிட்டு அலுமினியம் கறுத்துப் போச்சு. உடனே தண்ணி ஊத்திக் கழுவிட்டேன், ஆனா கறை நின்னுடுச்சு. நீங்க யாரும் அதைச் செய்யாதீங்க.

இந்தப் பழைய இன்ஜின்ல பேரல் வார்ப்பிரும்பு, மேல இருக்கிற ஹெட்டும் கீழ இருக்கிற கிராங்க் கேஸும் அலுமினியம். இரும்பு துருப்பிடிக்கும், அதனால பேரலுக்குக் கறுப்பு பெயின்ட். அலுமினியத்துக்கு அது தேவையில்லை, தேய்ச்சாலே பளபளக்கும். ஆனா எங்க வண்டியில கிராங்க் கேஸும் செயின் கவரும் முழுக்க பெயின்ட். சுரண்டச் சுரண்ட மேல பச்சை, அதுக்கடியில நீலம், அதுக்கும் அடியில சிவப்பு.

அப்பதான் ஞாபகம் வந்துச்சு. மாட்டுப் பொங்கலுக்குக் காளைக் கொம்புக்கு அடிச்சது போக டப்பாவுல மிச்சம் இருக்கிற எனாமலை அப்பா புல்லட்டுக்கு அடிச்சிடுவார். "இதுவும் நம்ம மாடுதாண்டா" என்பார். பேரல்ல அடிச்சது சூட்டுல கருகி உதிர்ந்திருக்கும். சூடு குறைவான இடத்துல மட்டும் அடுக்கடுக்கா தங்கியிருக்கு. கடைசி அடுக்கு பச்சை. காளைகளை வித்து டிராக்டர் வாங்கினதுக்கு முந்தின பொங்கல்ல அடிச்சது அது.

மூணு நாள் சுரண்டினேன். கிரைண்டரைத் தொடவே இல்லை. நம்பர் தேய்ஞ்சு போனா வண்டியே செல்லாது. தின்னர் நனைச்ச துணியும் பித்தளை பிரஷ்ஷும்தான். பேரலுக்குக் கீழே கிராங்க் கேஸ்ல நம்பர் ஒவ்வொரு எழுத்தா வந்துச்சு. ஆர்.சி. புத்தகத்தை வச்சுச் சரிபார்த்தேன். அதே நம்பர்.

பேரலுக்குச் சூடு தாங்கும் மேட் கறுப்பு ஸ்பிரேயை மெலிசா ரெண்டு கோட் அடிச்சேன். இது காத்துல ஆறுற இன்ஜின். தடிமனா அடிச்சா விசிறித் தகடுகளுக்குக் கம்பளி போர்த்தின மாதிரி ஆயிடும். அப்புறம் அஞ்சு நிமிஷம் ஓட விட்டு, ஆற விட்டு, திரும்ப ஓட விட்டு, பெயின்ட்டை இறுக வச்சேன்.

ஆயில் ஊத்துற மூடிக்கு அடியில ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும் பழைய பெயின்ட்டைச் சுரண்டலை. சோதனைக்கு வண்டியைப் பார்க்கிறவர் அதைக் கேட்டா, எங்க காளைங்க பேரைச் சொல்லிக்கலாம்.