கைத்துப்பாக்கி மான் வேட்டை

கைத்துப்பாக்கி மான் வேட்டை என்பது, தோளில் அணைத்துச் சுடும் ரைஃபிளுக்கு மாற்றாக, கையில் ஏந்திச் சுடும் சுழல் துப்பாக்கி (ரிவால்வர்) அல்லது பிஸ்டலைக் கொண்டு மான்களை வேட்டையாடும் முறையாகும். இது பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்காவில் வழக்கில் உள்ளது. அங்கு மிகுதியாகக் காணப்படும் வெண்வால் மானே இம்முறையில் பெரிதும் வேட்டையாடப்படுகிறது. கைத்துப்பாக்கியின் ஆற்றலும் துல்லியமும் ரைஃபிளை விடக் குறைவு என்பதால், வேட்டையாடுபவர் விலங்கை மிகவும் நெருங்க வேண்டியுள்ளது. விலங்கை விரைவாக இறக்கச் செய்ய இயலாத தொலைவிலிருந்து சுடாதிருத்தலே இவ்வேட்டையின் முதன்மையான நெறியாகக் கருதப்படுகிறது.

வரலாறு

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் தற்காப்புக்கும் காவல் பணிக்கும் உருவாக்கப்பட்டவை. 1935 இல் சுமித் அன்ட் வெசன் நிறுவனமும் வின்செஸ்டர் நிறுவனமும் .357 மேக்னம் தோட்டாவை அறிமுகப்படுத்தின. நிறுவனத்தைச் சேர்ந்த டக்ளசு வெசன் இத்தோட்டாவைக் கொண்டு பெரிய விலங்குகளை வேட்டையாடி, அதன் ஆற்றலை விளம்பரப்படுத்தினார்.

இடாகோ மாநிலத்தில் வாழ்ந்த எழுத்தாளரும் பண்ணையாளருமான எல்மர் கீத் (1899–1984), அகன்ற, எடை மிகுந்த குண்டே வேட்டைக்கு ஏற்றது என்று தொடர்ந்து எழுதி வந்தார். அவர் .44 சுபெசல் தோட்டாவில் கூடுதல் வெடிமருந்து இட்டுப் பல ஆண்டுகள் சோதனைகள் செய்தார். இவற்றின் விளைவாக .44 மேக்னம் தோட்டாவை ரெமிங்டன் நிறுவனமும், அதற்குரிய சுழல் துப்பாக்கியைச் சுமித் அன்ட் வெசன் நிறுவனமும் 1955 இன் இறுதியில் உருவாக்கின.

1967 இல் வெளிவந்த தாம்சன்/சென்டர் கன்டென்டர், ஒரு முறைக்கு ஒரு தோட்டா மட்டுமே இடக்கூடிய பிஸ்டலாகும். இதன் குழலை மாற்றிப் பொருத்தி, ரைஃபிள் தோட்டாக்கள் சிலவற்றையும் சுட முடியும். இதனால் கைத்துப்பாக்கி வேட்டையின் எல்லை விரிவடைந்தது.

தோட்டாக்கள்

மான் வேட்டையில் பயன்படும் சில தோட்டாக்கள் பின்வருமாறு. ஆற்றல் அளவுகள் குழலின் நீளத்தையும் தோட்டாவின் தயாரிப்பையும் பொறுத்து மாறுபடும்.

* .357 மேக்னம் (1935) – சுமார் 700 ஜூல். மிக நெருங்கிய தொலைவுக்கு மட்டும் ஏற்றதாகக் கருதப்படுகிறது.
* .44 மேக்னம் (1955) – சுமார் 1,000 ஜூல். மான் வேட்டையில் பரவலாகப் பயன்படுகிறது.
* .454 கசுல் – 2,000 ஜூலுக்கு மேல். இதற்கான சுழல் துப்பாக்கி 1983 இல் விற்பனைக்கு வந்தது.
* .500 சுமித் அன்ட் வெசன் மேக்னம் (2003) – 3,000 ஜூலுக்கு மேல்.

ஒப்பீட்டுக்கு, அமெரிக்காவில் பரவலாக உள்ள .30-06 ரைஃபிள் தோட்டாவின் ஆற்றல் சுமார் 3,900 ஜூல் ஆகும். ஆற்றல் கூடக்கூடத் துப்பாக்கியின் பின்னுதைப்பும் கூடுகிறது. பின்னுதைப்புக்கு அஞ்சி, சுடும் கணத்தில் கையை அசைப்பவர் குறி தவறுவார். எனவே, தம்மால் கட்டுப்படுத்த இயலும் துப்பாக்கியைத் தேர்வதே சிறந்தது என்று பயிற்சியாளர்கள் அறிவுறுத்துகின்றனர்.

துல்லியமும் தொலைவும்

மானின் இதயமும் நுரையீரல்களும் அமைந்துள்ள பகுதி உயிர்நிலைப் பகுதி எனப்படுகிறது. வெண்வால் மானில் இது ஏறத்தாழ 20 செ.மீ. விட்டமுள்ள வட்டம் எனக் கொள்ளலாம். குண்டு இவ்வட்டத்திற்குள் பட வேண்டும்.

கைத்துப்பாக்கியின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலான தொலைவு குறைவு. இத்தொலைவு 23 செ.மீ. எனக் கொண்டால், முன்குறி 1 மி.மீ. விலகும்போது 50 மீட்டரில் குண்டு ஏறத்தாழ 22 செ.மீ. விலகிச் செல்லும். குறிகளுக்கு இடையே 60 செ.மீ. உள்ள ரைஃபிளில் அதே பிழை சுமார் 8 செ.மீ. விலகலையே உண்டாக்கும். அதாவது, ரைஃபிளில் பொறுக்கத்தக்க பிழை, கைத்துப்பாக்கியில் மானைக் காயப்படுத்தி ஓடவிடும் பிழையாகிறது. மேலும், தோளில் ஊன்ற இயலாததால் கையின் நடுக்கம் முழுவதும் குழலில் வெளிப்படுகிறது.

குண்டின் வேகம் குறைவு என்பதால் அது விரைவில் தாழ்கிறது. 50 மீட்டருக்குக் குறி சரிசெய்யப்பட்ட .44 மேக்னம் சுழல் துப்பாக்கியின் குண்டு, 100 மீட்டரில் 20 செ.மீ.க்கும் மேல் தாழ்ந்துவிடும்.

கையை நீட்டிப் பிடித்துப் பார்ப்பதற்கென வடிவமைக்கப்பட்ட தொலைநோக்கிகளும் செம்புள்ளிக் குறிநோக்கிகளும் குறி பார்த்தலில் ஏற்படும் பிழையைக் குறைக்கின்றன. ஆயினும் கை நடுக்கத்தை அவை நீக்குவதில்லை. வேட்டைக்களத்தில் பின்பற்றப்படும் விதி எளியது: 20 செ.மீ. வட்டத்திற்குள் ஒவ்வொரு குண்டையும் செலுத்த ஒருவரால் எத்தொலைவு வரை முடிகிறதோ, அதுவே அவருடைய எல்லை. பலருக்கு இது 50 மீட்டரைத் தாண்டுவதில்லை.

வேட்டை முறை

மான்கள் நடமாடும் தடங்களுக்கு அருகில், மரத்தில் அமைக்கப்பட்ட பரணிலோ மறைவிடத்திலோ காத்திருப்பதே வழக்கமான முறையாகும். துப்பாக்கியை ஊன்றுகோல், பரணின் கைப்பிடி, முழங்கால் ஆகியவற்றின் மீது தாங்கிச் சுடுவர். சுழல் துப்பாக்கியின் உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடைவெளி வழியே சூடான வளிமம் பீறிடும். எனவே தாங்கும் கையின் விரல்கள் அவ்விடத்திற்கு அருகில் இருத்தல் கூடாது. மேக்னம் தோட்டாக்களின் ஓசை ஒரே வெடிப்பில் கேட்கும் திறனைப் பாதிக்கக்கூடியது. ஆகவே காதுக்காப்பு அவசியமாகும்.

மான் பக்கவாட்டில் நிற்கும் வரை காத்திருந்து, முன்காலின் பின்புறத்தில் சுடுவர். ஓடும் மானையும், நேர் எதிரே நிற்கும் மானையும் கைத்துப்பாக்கியால் சுடுவது தவிர்க்கப்படுகிறது.

அடிபட்ட மானைத் தேடுதல்

சரியாகச் சுடப்பட்ட மானும் பெரும்பாலும் உடனே விழுவதில்லை. குருதியிழப்பால் இறப்பதற்குள் சிறிது தொலைவு ஓடக்கூடும். எனவே வேட்டையாடுபவர் அரைமணி நேரம் வரை காத்திருந்து, பின்னர் குருதித் தடத்தைப் பின்தொடர்கிறார். நுரையுடன் கூடிய வெளிர்சிவப்புக் குருதி நுரையீரலில் பட்டதையும், கருஞ்சிவப்புக் குருதி கல்லீரலில் பட்டதையும் காட்டும். பச்சை அல்லது பழுப்பு நிறக் கசிவு இருப்பின் குண்டு குடலில் பட்டுள்ளது. அவ்வாறாயின் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். உடனே துரத்தினால் மான் நெடுந்தொலைவு சென்று, கண்டுபிடிக்க இயலாத இடத்தில் துன்புற்று இறக்கும்.

சட்டங்கள்

ஐக்கிய அமெரிக்காவில் வேட்டை விதிகளை மாநிலங்களே வகுக்கின்றன. ஒகையோவில் மான் வேட்டைக்கான கைத்துப்பாக்கியின் குழல் குறைந்தது 5 அங்குல நீளமும், தோட்டா .357 அல்லது அதனினும் பெரிய அளவும் கொண்டிருக்க வேண்டும். 1937 ஆம் ஆண்டின் பிட்மன்–இராபர்ட்சன் சட்டம் வேட்டைக் கருவிகள் மீதான வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு ஒதுக்குகிறது. 1970 இல் கைத்துப்பாக்கிகள் மீதான 10% வரியும் இதில் சேர்க்கப்பட்டது. அதில் ஒரு பகுதி வேட்டையாளர் பயிற்சிக்குச் செலவிடப்படுகிறது.

செருமனியில் கைத்துப்பாக்கியால் மானை வேட்டையாடுவதற்கு அனுமதி இல்லை. ஆனால், காயமடைந்த விலங்கின் துன்பத்தை முடிக்கும் இறுதிச் சூட்டுக்கு, குறைந்தது 200 ஜூல் ஆற்றலுள்ள கைத்துப்பாக்கியைப் பயன்படுத்தலாம். இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 ஆம் ஆண்டுத் திருத்தமும், எக்கருவியைக் கொண்டும் மான்களை வேட்டையாடுவதைத் தடை செய்கின்றன.

விமர்சனங்கள்

ரைஃபிள் கிடைக்கும்போது, துல்லியம் குறைந்த கருவியைத் தேர்ந்தெடுப்பது விலங்குக்கு வீண் துன்பம் விளைவிக்கும் என்பது முதன்மையான எதிர்ப்பாகும். கொன்றுண்ணிகள் அருகிய பகுதிகளில் மான்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த வேட்டை தேவை என்ற வாதம், இவ்வெதிர்ப்புக்கு விடையாகாது. அப்பணியை ரைஃபிளே செய்துவிடும்.

ஆதரவாளர்கள் இதனை வில் வேட்டையுடன் ஒப்பிடுகின்றனர். கருவியின் எல்லை வேட்டையாடுபவரைப் பொறுமையுடன் நெருங்கச் செய்கிறது என்றும், நெருங்க இயலாதபோது சுடாமல் திரும்புவதும் வேட்டையின் பகுதியே என்றும் கூறுகின்றனர். எல்மர் கீத், பிறரால் காயமடைந்து ஓடிய மான் ஒன்றைச் சுமார் 550 மீட்டர் தொலைவில் .44 மேக்னம் கொண்டு வீழ்த்தியதாக எழுதியுள்ளார். இது இன்றும் விவாதிக்கப்படுகிறது. காயமடைந்த விலங்கைத் தப்பவிடாமலிருக்க எடுத்த முயற்சி என்ற அளவில் இதனை ஏற்போரும், காயமடையாத மானை அத்தொலைவில் சுடுவதற்கு இது முன்மாதிரியாகாது என்பர்.

இவற்றையும் பார்க்க

* வெண்வால் மான்
* சுழல் துப்பாக்கி
* வில் வேட்டை
* காட்டுயிர் மேலாண்மை