யாழ்ப்பாணக் கோட்டைக்கு வந்த சார்ள்ஸ்

1904ஆம் ஆண்டு டிசம்பரில் கொழும்பில் வந்திறங்கிய லெனாட் வூல்ஃப் என்ற 24 வயது ஆங்கிலேயர், பிரெஞ்சு அறிஞர் வோல்ட்டயரின் நூல்களை 90 தொகுதிகளாகத் தம்முடன் கொண்டுவந்திருந்தார். இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவாகி வந்த அந்த இளைஞருக்கு இன்னொரு துணையும் இருந்தது. சார்ள்ஸ் என்ற ஃபொக்ஸ் டெரியர் இன நாய் வேறொரு கப்பலில் வந்து சேர்ந்தது. பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் இச்செய்தியை முதன்முதலாக வாசித்தபோது அந்த 90 தொகுதிகளே என்னை வியக்க வைத்தன. ஐம்பது வயதைக் கடந்த பின்னர் சார்ள்ஸே என் நினைவில் மேலோங்கி நிற்கிறது.

1905 ஜனவரியில் வூல்ஃப் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டார். வடபகுதி ரயில் பாதை அப்போது முழுமை பெற்றிருக்கவில்லை. அநுராதபுரத்துக்கு அப்பால் காட்டு வழியே மாட்டு வண்டியில் செல்லவேண்டியிருந்தது. கோட்டை மதிற்சுவரின் மேலிருந்த வீடொன்றில், மற்றொரு இளம் அதிகாரியுடன் அவர் குடியேறினார். கேம்பிரிட்ஜில் இரவிரவாகத் தத்துவம் பேசிப் பழகியவருக்கு இங்கே கச்சேரிக் கோப்புகளும் மாலை நேர டெனிஸும்தான் கிடைத்தன. நண்பர் லிட்டன் ஸ்ட்ரேச்சிக்கு அவர் அக்காலத்தில் எழுதிய கடிதங்கள் மனச்சோர்வு நிரம்பியவை. போதாக்குறைக்கு நெருப்புக்காய்ச்சலும் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது.

அந்தத் தனிமையில் சார்ள்ஸின் இடம் என்ன? 1961இல் வெளியான தமது சுயசரிதையின் இலங்கைப் பகுதியில் வூல்ஃப் அதனை அன்போடும் நகைச்சுவையோடும் நினைவுகூர்கிறார். வேட்டையில் அந்நாய் காட்டிய துணிச்சல், புத்தகப்பூச்சி போல வந்திறங்கிய எசமானுக்கும் அங்கிருந்த வெள்ளையர் மத்தியில் ஓரளவு மதிப்பைத் தேடித்தந்ததாம். எனக்கு முக்கியமாகப்படுவது வேறு. ஆளும் இனத்தவன் என்ற வேடத்தைத் தாம் அணிந்து நடித்ததாகவே வூல்ஃப் பின்னாளில் எழுதினார். உள்ளூர் மக்களுக்கு அவர் துரை. சக வெள்ளையருக்கோ வழக்கத்துக்கு மாறான புதியவர். இவ்விரு வேடங்களையும் களைந்துவிட்டு அவர் இருக்கக்கூடிய இடம், தம் காலடியில் கிடந்த நாயின் அருகாமை மட்டுமே என்று நான் எண்ணுகிறேன். பதவியும் நிறமும் அதற்குத் தெரியா.

நாயினால் மனிதனுக்குக் கிடைக்கும் ஆறுதலை இன்று ஆய்வுகூடங்களில் அளக்கிறார்கள். நாயும் அதனை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நோக்கும்போது, தாய்க்கும் சேய்க்கும் இடையே பிணைப்பை வளர்க்கும் ஒக்சிடோசின் இருதரப்பிலும் அதிகரிப்பதாக ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் அறிவித்தனர். ஆனால் இவ்வுறவு மிகப் பழையது. ஜேர்மனியின் பொன் நகருக்கு அருகே 1914இல் கண்டெடுக்கப்பட்ட ஏறத்தாழ 14,000 ஆண்டுப் பழைமையான புதைகுழியில், இரு மனிதரோடு ஓர் இளநாயும் கிடந்தது. அதன் பற்களை ஆராய்ந்தவர்கள், அது கடும் நோயுற்றுப் பல வாரங்கள் மனிதரின் பராமரிப்பினால் உயிர்வாழ்ந்திருக்கவேண்டும் என்று 2018இல் எழுதினர். வேட்டைக்கோ காவலுக்கோ உதவாத ஒரு நோயாளிக் குட்டி அது. பயன் கருதித்தான் மனிதன் நாயை வளர்த்தான் என்ற பாடப்புத்தக விளக்கம் இந்த ஒரு குட்டிக்குப் பொருந்தவில்லை.

எங்கள் யாழ்ப்பாணத்தில் நாய்க்கு இருந்த இடம் விசித்திரமானது. ஊருக்கு ஊர் வைரவர் கோயில். அவருடைய வாகனம் நாய். அதேவேளை ஒருவரை இழிவாக ஏச வேண்டுமானாலும் அதே நாய்தான். முற்றத்தைத் தாண்டி வீட்டுக்குள் அதற்கு அனுமதி இல்லை. எங்கள் வீட்டு நாய்க்குப் பெயர்கூட முறையாக வைக்கப்படவில்லை. கறுப்பன் என்பது அதன் நிறத்தினால் வந்த அழைப்பு. அதன்மேல் எங்களுக்குப் பாசம் உண்டென்று எவரும் சொல்லிக்கொண்டதில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமம் மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். மழை. நாவற்குழிப் பாலத்தில் அடிமேல் அடிவைத்தே நகர முடிந்தது. கறுப்பனைச் சங்கிலியிலிருந்து அவிழ்த்துவிட்டு, ஒரு சட்டியில் சோறு வைத்துவிட்டு வந்திருந்தோம். சிறிது தூரம் எங்கள் பின்னால் வந்தது. சன நெரிசலில் பின்னர் காணவில்லை. கொடிகாமத்தில் உறவினர் வீட்டுத் திண்ணையில் அம்மா நகைகளைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ பேசவில்லை. சட்டியிலிருந்த சோறு ஒருநாளைக்குக்கூடக் காணாதே என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

சிறுவனாக இருந்தபோது பிறந்த நாய்க்குட்டிகளை நீரில் அமிழ்த்திக் கொல்லப் பணிக்கப்பட்டதை, வூல்ஃப் தமது கடைசி நூலில் எழுதியிருக்கிறார். உயிருக்காகப் போராடிய அந்தக் கண் திறவாத குட்டியும் தம்மைப் போல ஒரு ‘நான்’ என்று அப்போது உணர்ந்தாராம். அந்நூல் 1969இல், அவர் மறைந்த ஆண்டில் வெளியானது. அப்பக்கத்தை வாசித்த ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தச் சோற்றுச் சட்டி நினைவுக்கு வந்தது.

1996இல் வீடு திரும்பினோம். கூரையில் பாதி இல்லை. கிணற்றடியில் எலும்பும் தோலுமாய்ச் செம்மை நிற நாயொன்று படுத்திருந்தது. யாருடையதென்று தெரியாது, கறுப்பன் அல்ல. அடுப்பு மூட்டிச் சமைத்த முதற் சோற்றில் ஒரு பிடியை அம்மா அதற்குத்தான் வைத்தார். அன்றிரவு அது வீட்டுக்குள் படுத்தது. ஒருவரும் துரத்தவில்லை.