இடியன் துவக்கின் கசடு

போர்த்துக்கீசர் 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசை வீழ்த்திய செய்தியைத் தளபதி பிலிப் டி ஒலிவேராவின் வெற்றியாகவே படித்து வருகிறோம். அவருடைய படையின் துவக்குகளுக்கும் ஒரு கதை உண்டு. குழலின் வாய்வழியே மருந்தையும் குண்டையும் இட்டு இடித்து நிரப்பி, எரியும் திரியால் பற்றவைக்கும் கருவி அது. இவ்வாறு வாய்வழி நிரப்பும் துவக்கை நம்மவர் இடியன் துவக்கு என்பர். மழையில் திரி அணைந்தால் அது வெறுந்தடி.

வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்த அம்மருந்து முழுதும் வாயுவாகிவிடுவதில்லை; ஒரு பகுதி உப்பும் கரியுமாய்க் குழலில் படியும். அக்கசடு கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் துருவேற்றும். நெருப்புப் புகும் சிறுதுளையை அடைக்கும். பிறகு திரி எரிந்தும் துவக்கு வெடிக்காது. உப்பு எண்ணெயில் கரையாது. ஆகவே முதலில் நீரால் கழுவி, நன்கு உலர்த்தி, அதன்பின்னரே எண்ணெய் பூசவேண்டும்.

ஸ்கொட்லாந்துப் பாதிரியார் போர்சைத், அடித்தால் வெடிக்கும் மருந்தைக் கொண்டு பற்றவைக்கும் முறைக்கு 1807இல் காப்புரிமை பெற்றார். அவ்வழி வந்த செப்புத் தொப்பி, திரியின் தொல்லையை ஒழித்தது. கசடு மட்டும் ஒழியவில்லை. கழுவும் வேலையும் ஒழியவில்லை.

அவ்வேலையைச் செய்த கைகளுக்கு வெற்றிக் கதைகளில் இடமில்லை. அக்கைகள் ஓய்ந்திருந்தால் தளபதியின் ஆணைக்குத் துவக்கு செவிசாய்த்திராது. ஆண்டவர்களின் வரலாற்றைப் படிக்கும் நாம், குழல் கழுவியவர்களையும் அதில் தேடவேண்டும்.